கம்பெனி குடுத்த பேண்டை கட்டியே ஆகணுமா? கேட் திறக்கறதும் அதுதான், பல்ஸ் பாக்கறதும் அதுதான்

ஒரகடம்_தேவி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரகடம் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனில ஆறு வருஷமா வேலை பாக்கறேன், குவாலிட்டி செக்‌ஷன். போன மாசம் வரைக்கும் கேட்ல ஐடி கார்டை தட்டிட்டு உள்ள போயிடுவோம். இப்ப அதுக்கு பதிலா எல்லார் கைக்கும் ஒரு பேண்ட் குடுத்துட்டாங்க. கேட், அட்டெண்டன்ஸ், கேன்டீன் டோக்கன் எல்லாம் அதுலயே. அதோட விட்டா பரவாயில்லை, பின்பக்கம் பச்சை லைட் எரிஞ்சுட்டே இருக்கு, பல்ஸ் பாக்குது, ஆக்சிஜன் பாக்குது, தோல் சூடு பாக்குது, ஸ்ட்ரெஸ் ஸ்கோர்னு ஒரு நம்பர் வேற. ராத்திரியும் கட்டிட்டே தூங்குங்க, தூக்கத்தையும் கணக்கு பண்ணும்னு சொல்றாங்க. ஷிஃப்ட் ஆரம்பிக்கற நேரத்துல நாலு பக்கம் இங்கிலீஷ் ஃபார்ம் ஒண்ணு நீட்டினாங்க, பின்னாடி முப்பது பேர் லைன்ல நிக்கறாங்க, எங்க படிக்கறது, கையெழுத்து போட்டுட்டேன்.

எனக்கு தைராய்டு அதிகமா சுரக்கற பிரச்சனை இருக்கு. ஒரு வருஷமா அதுக்கு கார்பிமசோல்னு ஒரு மாத்திரை சாப்பிடறேன். சும்மா உக்காந்திருந்தாலே பல்ஸ் 100 தாண்டிடும். இது வீட்டுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை லைன் முடிவுல மாட்டியிருக்கற டேப்லெட்ல எங்க எல்லார் பேரும் வரிசையா இருந்துச்சு, பேர் பக்கத்துல பச்சை புள்ளி, எனக்கு மட்டும் சிவப்பு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் "என்னம்மா, நின்ன இடத்துலயே 112 அடிக்குது, ஏதாச்சும் இருக்கா?"ன்னு கேட்டுட்டார். அவர் கெட்ட மனுஷன் இல்ல, அக்கறையாதான் கேட்டார். ஆனா பக்கத்துல நின்ன பொண்ணுங்க அஞ்சு பேரும் திரும்பி பாத்தாங்க. அன்னைக்கு பூரா பேண்டை துப்பட்டாவால மூடிட்டே வேலை பாத்தேன். அடுத்த மாசம் சீனியர் போஸ்டுக்கு லிஸ்ட் போடறாங்க. இந்த சிவப்பு புள்ளி அங்க போய் நிக்குமோன்னு பயமா இருக்கு.

இதை கட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கா? இந்த பேண்ட் காட்றது எந்த அளவுக்கு உண்மை? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

மானிட்டர்_சர்வீஸ்காரன்

தேவி மேடம், நான் 14 வருஷமா ஆஸ்பத்திரி மானிட்டர், ஈசிஜி மெஷின் சர்வீஸ் பண்றவன். உங்க ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன், சட்டம் தெரிஞ்சவங்க முதல் கேள்விக்கு வருவாங்க.

அந்த பச்சை லைட் என்ன பண்ணுதுன்னா, ரத்தம் பச்சை வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும். இதயம் ஒருதரம் அடிச்சதும் மணிக்கட்டு தோலுக்கு கீழ ரத்தம் கூடும், அப்ப திரும்பி வர வெளிச்சம் குறையும், அடுத்த நொடி கூடும். இந்த ஏத்த இறக்கத்தை எண்ணி பல்ஸ்னு காட்டுது. சும்மா உக்காந்திருக்கும்போது இது நல்லாவே சரியா வரும். கை ஆடினா, பேண்ட் லூசா இருந்தா, டாட்டூ மேல கட்டினா, கை சில்லுன்னு இருந்தா பிசகும். லைன்ல ஸ்க்ரூ முடுக்கற கைல கட்டினீங்கன்னா கை ஆடற வேகத்தையே பல்ஸ்னு எண்ணிடற வாய்ப்பு இருக்கு. அதனால 112ங்கறது உங்க தைராய்டால வந்ததா கை ஆட்டத்தால வந்ததான்னு அந்த டேப்லெட்டுக்கு தெரியாது.

ஆக்சிஜன் நம்பரை இன்னும் கொஞ்சம் சந்தேகமா பாருங்க. சிவப்பு வெளிச்சமும் இன்ஃப்ராரெட்டும் வெச்சு ஆக்சிஜன் கண்டுபிடிக்கற வழியை 1974ல ஜப்பான்ல தகுவோ ஆவோயாகின்னு ஒரு இன்ஜினியர் சொன்னார், இன்னைக்கு வரைக்கும் ஆஸ்பத்திரில விரல்ல மாட்றது அதுதான். அந்த விரல் மெஷினே கருப்பு தோல்ல அளவை கூட்டி காட்டுதுன்னு 2020 டிசம்பர்ல அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு, கருப்பின நோயாளிங்கள்ல உண்மைல ஆக்சிஜன் குறைஞ்சிருந்தும் மெஷின் நல்லா இருக்குன்னு காட்டினது வெள்ளைக்காரங்களை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. விரல்லயே அப்படின்னா மணிக்கட்டுல, வியர்வைல, நம்ம தோல் நிறத்துல எவ்வளவு நம்பறதுன்னு நீங்களே பாத்துக்கோங்க.

இப்ப முக்கியமான விஷயம். இந்த பேண்ட் "நீங்கதான்"னு எப்படி கண்டுபிடிக்குது? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உள்ள ஒரு சிப், அதுக்கு ஒரு நம்பர், மெட்ரோ கார்டு மாதிரி. அது பேண்டைதான் அடையாளம் காட்டும், ஆளை இல்ல. இன்னொண்ணு, இதயத்தோட மின் அலையையே அடையாளமா வெச்சுக்கறது. ஈசிஜி பேப்பர்ல சின்ன மேடு, பெரிய கூர்முனை, மறுபடி ஒரு மேடுன்னு வரும் பாருங்க, அந்த வடிவம் இதயத்தோட அளவு, நெஞ்சுல அது உக்காந்திருக்கற கோணம் இதையெல்லாம் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். கனடால டொரண்டோல பயோனிம்னு ஒரு கம்பெனி 2013ல இதை வெச்சே நைமின்னு ஒரு பேண்ட் அறிவிச்சாங்க, ஒரு பக்கம் மணிக்கட்டை தொடும், மேல் பக்கத்தை இன்னொரு கை விரலால தொடணும், அப்பதான் ரெண்டு கைக்கும் நடுவுல இதயம் வந்து அலை கிடைக்கும். அவங்களே பின்னாடி கைரேகையையும் சேத்துக்கிட்டாங்க, காலைல ஒருதரம் விரல் வெச்சா போதும், கழட்டற வரைக்கும் நீங்கதான்னு நம்பும். மருந்து ஃபேக்டரில க்ளவுஸ், கவுன் எல்லாம் போட்டுட்டு பாஸ்வேர்ட் அடிக்க முடியாதவங்களுக்கு அது உண்மையிலேயே உதவி.

உங்களுது எதுன்னு ஒரே ஒரு டெஸ்ட்ல தெரிஞ்சுடும். பேண்டை கழட்டி கைல பிடிச்சுட்டு கேட்ல காட்டுங்க. திறந்துச்சுன்னா வெறும் சிப்தான். அப்படின்னா கேட் திறக்க உங்க பல்ஸ் தேவையே இல்ல. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, எச்ஆர்கிட்ட பேசறப்ப இதுதான் உங்க பிடி.

---

தஞ்சை_மீனா

தேவி, உங்க பயம் புரியுது. ஆனா இந்த மாதிரி சாதனமே வேணாம்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்கன்னு ஒரு விஷயம் சொல்லணும்.

எங்கப்பாவுக்கு 71. தம்பி சிங்கப்பூர்லருந்து வாட்ச் அனுப்பினான், ஈசிஜி எடுக்கற மாடல். அப்பா அதை டைம் பாக்க மட்டும் கட்டிட்டு இருந்தார். ஒரு நாள் காலைல பூஜை முடிச்சுட்டு வந்தவர் "என்னமோ எழுதியிருக்கு, கண்ணாடி எங்க வெச்சேன்"னாரு. வாங்கி பாத்தா, இதயத்துடிப்பு ஒழுங்கில்லாம இருக்குன்னு எச்சரிக்கை, விடியற்காலைல ரெண்டு தடவை வந்திருக்கு. அவருக்கு ஒரு தொந்தரவும் இல்ல, படபடப்பு இல்ல, மூச்சு வாங்கல. "வாட்ச்சுக்கு என்னடி தெரியும்"னார். நான் விடல. சந்தனம் ஒட்டின விரலை வேட்டில துடைச்சுட்டு, பக்கத்துல இருக்கற திருகு மேல வெச்சு முப்பது செகண்ட் அசையாம உக்காருங்கப்பான்னு கெஞ்சி எடுத்தேன். டாக்டர்கிட்ட அதை காட்டினப்ப அவர் எடுத்த ஈசிஜில எல்லாம் சரியாவே இருந்துச்சு, ஏன்னா இந்த பிரச்சனை வந்து வந்து போகுமாம். அப்பறம் ஹோல்டர்னு 24 மணி நேரம் நெஞ்சுல கட்டி விட்டாங்க, அதுல மாட்டுச்சு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தோட மேல் அறைங்க ஒழுங்கில்லாம துடிக்கறது. இது இருந்தா பக்கவாதம் வர வாய்ப்பு சுமார் அஞ்சு மடங்குன்னார் டாக்டர். இப்ப ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போறது.

ஆனா எச்சரிக்கை வந்தாலே வியாதின்னு அர்த்தம் இல்ல. ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி ஆப்பிள் வாட்ச் வெச்சு 4 லட்சத்து 19 ஆயிரம் பேர்கிட்ட பண்ணின ஆய்வு 2019ல வந்துச்சு. எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. அவங்கள்ல நெஞ்சுல ஈசிஜி பேட்ச் ஒட்டி திருப்பி அனுப்பினவங்கள்ல 34 சதவீதம் பேருக்குதான் அந்த நேரத்துல பிரச்சனை பிடிபட்டுச்சு. இன்னொண்ணு, மாரடைப்பை இந்த வாட்ச் கண்டுபிடிக்காது, ஆப்பிள்காரங்களே அதை ஸ்க்ரீன்லயே எழுதியிருக்காங்க. நெஞ்சு வலிச்சா வாட்ச்சை பாத்துட்டு உக்காந்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

எங்கப்பா விஷயத்துல அந்த நம்பர் முதல்ல அவர் கண்ணுக்கு வந்துச்சு, அவர் எனக்கு காட்டினார், நாங்க டாக்டருக்கு காட்டினோம். உங்களுக்கு அது தலைகீழா நடந்திருக்கு, உங்க உடம்பு சேதி சூப்பர்வைசர் கண்ணுக்கு முதல்ல போயிருக்கு. அதுதான் எனக்கு வயிறு எரியுது.

---

ஃபவுண்டரி_சேஃப்டி

நான் கோயமுத்தூர்ல ஃபவுண்டரில சேஃப்டி ஆஃபீசர், அதனால கம்பெனி பக்கத்து நியாயத்தையும் சொல்றேனுங்க. இரும்பு உருக்கற இடம், கிட்டத்தட்ட 1,400 டிகிரி, ஏப்ரல் மே மாசம் வெளியவே 38 இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் பாத்து பாத்து நடந்துட்டு வந்தவர் தண்ணி டேங்க் பக்கத்துல அப்படியே மடங்கி விழுந்தார். உடம்பு சூடு ஏறினது அவருக்கே தெரியல. அதுக்கப்பறம்தான் நாங்க நெஞ்சுல கட்ற பட்டை கொண்டு வந்தோம். அதனால பயன் இருக்கு, நான் கண்ணால பாத்தவன்.

ஆனா எங்ககிட்ட எப்படின்னா, பல்ஸ் நம்பர் எந்த ஸ்க்ரீன்லயும் வராது. ரொம்ப நேரம் அதிகமா இருந்தா அவருக்கு மட்டும் பட்டை அதிரும், நிழலுக்கு போய் தண்ணி குடிச்சு பத்து நிமிஷம் உக்காரணும், அவ்வளவுதான். விவரம் பாக்கறது ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் நர்ஸ் மட்டும். ஃபர்னஸ் பக்கம் போறவங்களுக்கு மட்டும், ஷிஃப்ட் முடிஞ்சா பட்டையை திருப்பி குடுத்துடணும், வீட்டுக்கு போகாது. ஆரம்பத்துல மேனேஜ்மெண்ட்ல இதையே அட்டெண்டன்ஸுக்கும் வெச்சுக்கலாமேன்னாங்க, ஒரே செலவுல ரெண்டு வேலைன்னு. நான் முடியாதுன்னுட்டேன். சம்பளம் பிடிக்கற மெஷினும் உயிர் காக்கற மெஷினும் ஒண்ணா இருந்தா ஆளுங்க அதை கழட்டத்தான் பாப்பாங்க, அப்பறம் நிஜமா விழறவனை எப்படி பிடிக்கறதுன்னு கேட்டேன். ஒத்துக்கிட்டாங்க.

குவாலிட்டி செக்‌ஷன்ல ஏசி ரூம்ல உக்காந்து பார்ட் பாக்கற பொண்ணுக்கு ராத்திரி தூக்கம் வரைக்கும் எதுக்குங்க?

---

சிஐடியூ_செல்வம்

இது உங்க கம்பெனில மட்டும் நடக்கறது இல்ல தோழர். நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா மாதிரி ஊர்கள்ல துப்புரவு தொழிலாளர் கைல ஜிபிஎஸ் வாட்ச் கட்டி விட்டாங்க, 2020 வாக்குல பெரிய பேச்சாச்சு, சண்டிகர்ல தெருவுல எறங்கி போராடினாங்க. எங்க நிக்கறாங்க, எவ்வளவு நேரம் நிக்கறாங்க எல்லாம் கன்ட்ரோல் ரூம்ல புள்ளியா தெரியும். கழட்டினா, சார்ஜ் தீந்தா சம்பளம் பிடிப்பாங்கன்னு பயம். பாத்ரூம் போகவே கூசுதுன்னு பொம்பளைங்க சொன்னாங்க. கையால குப்பை அள்றவங்களுக்கு ஒழுங்கா க்ளவுஸ் குடுக்க காசில்லாத இடத்துல வாட்ச்சுக்கு காசு வந்துச்சு.

தனியா போய் பேசாதீங்க. நாலு பேரா போங்க.

---

கல்பனா_ஆர்

தேவி சிஸ், தோல் சூடு பாக்குதுன்னு ஒரு வரில சொல்லிட்டு போயிட்டீங்க, எனக்கு அதுதான் முதல்ல உறுத்துச்சு. முட்டை வெளிவந்ததும் பொம்பளைங்க உடம்பு சூடு அரை டிகிரிக்குள்ள கூடும், பீரியட்ஸ் வந்ததும் இறங்கும். ராத்திரி பூரா கட்டிட்டு தூங்கினா மூணு மாசத்துல உங்க தேதி கணக்கு தன்னால அதுல எழுதிடும். கர்ப்பம் ஆனா சும்மா இருக்கும்போதே பல்ஸ் ஏறும், அதுவும் வீட்டுல மாமியாருக்கு சொல்றதுக்கு முன்னாடியே. சீனியர் போஸ்ட் லிஸ்ட் போடறவங்க கைல இது இருக்கணுமா?

மிகைன்னு நினைக்காதீங்க. ஃப்ளோன்னு ஒரு பீரியட்ஸ் ஆப், கோடிக்கணக்கான பொண்ணுங்க வெச்சிருந்தது, அதுலருந்து விவரம் ஃபேஸ்புக், கூகுள் மாதிரி இடங்களுக்கு போச்சுன்னு அமெரிக்க அரசோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு எஃப்டிசி 2021ல நடவடிக்கை எடுத்துச்சு. அந்த பொண்ணுங்களும் "வெளிய போகாது"ங்கற உறுதிமொழியை நம்பித்தான் பதிஞ்சாங்க.

ராத்திரி தயவுசெஞ்சு கழட்டி வைங்க. அதை இன்னைக்கே பண்ணுங்க.

---

வக்கீல்_அருண்

உரிமை பத்தி கேட்டீங்க. முடிஞ்சவரைக்கும் எளிமையா சொல்றேன்.

அடித்தளம் 2017 ஆகஸ்ட் 24, சுப்ரீம் கோர்ட்ல புட்டசாமி வழக்கு. ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமைன்னு ஒருமனதா சொன்னாங்க. அதுக்கப்பறம் 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம். அதுல ஆறாவது பிரிவு, சம்மதம்னா எப்படி இருக்கணும்னு சொல்லுது: தானா முன்வந்து, எதுக்குன்னு புரிஞ்சு, நிபந்தனை இல்லாம குடுத்திருக்கணும், அந்த காரியத்துக்கு தேவையான தகவலுக்கு மட்டும்தான் அது செல்லும். சட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. ஒரு அம்மா வைத்திய ஆப் ஒண்ணு இறக்கறாங்க, அது வைத்தியத்துக்கும் சம்மதம் கேக்குது, போன்ல இருக்கற கான்டாக்ட் லிஸ்டுக்கும் சம்மதம் கேக்குது, அவங்க ரெண்டுக்கும் சரின்னுட்டாங்க. ஆனா வைத்தியத்துக்கு கான்டாக்ட் லிஸ்ட் தேவையில்ல, அதனால அந்த சம்மதம் வைத்தியத்தோட நிக்கும்னு எழுதியிருக்கு. மேல சர்வீஸ் அண்ணன் சொன்ன கேட்-பல்ஸ் விஷயமும் இதே மாதிரிதான். நோட்டீஸை இங்கிலீஷ்லயோ அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணைல இருக்கற மொழிலயோ படிக்க வழி குடுக்கணும்னும் இருக்கு, தமிழ் அதுல இருக்கு. தமிழ்ல குடுங்கன்னு கேளுங்க. சம்மதம் குடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்ப வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்.

இதோட மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். ஏழாவது பிரிவுல, வேலை சம்பந்தமான சில காரியங்களுக்கு சம்மதமே இல்லாம முதலாளி தகவலை பயன்படுத்தலாம்னு ஒரு வழி இருக்கு. கம்பெனிங்க அதைத்தான் பிடிச்சுக்கும். அட்டெண்டன்ஸுக்கு அது நிக்கலாம், ஒரு தொழிலாளியோட தூக்கத்துக்கு நிக்கும்னு நான் நம்பல. விதிமுறைகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. அது வரைக்கும் 2011 தகவல் தொழில்நுட்ப விதிகள் இருக்கு, அதுல உடல்நலம், மருத்துவ பதிவு, பயோமெட்ரிக் மூணுமே சென்சிடிவ் தகவல்னு தனியா சொல்லி, எழுத்துல சம்மதம் வேணும்னு இருக்கு.

நேரா வழக்குக்கு போக வேணாம். எழுத்துல நாலு கேள்வி கேளுங்க: என்னென்ன சேக்கறீங்க, எதுக்கு, யார் பாக்கறாங்க, எப்ப அழிப்பீங்க. தேதி போட்டு நகல் வெச்சுக்கோங்க.

---

மதுரை_வெற்றி

இந்த விவரத்தை வெச்சு என்னவெல்லாம் தெரியும்னு ஒரு சம்பவம். அமெரிக்கால கனெக்டிகட்ல 2015ல ஒரு கொலை. திருடன் வந்து சுட்டுட்டான்னு புருஷன் சொன்னான். அந்த அம்மா இடுப்புல இருந்த ஃபிட்பிட்ங்கற நடை எண்ணற கருவி, அவன் சொன்ன நேரத்துக்கு அப்பறமும் அவங்க வீட்டுக்குள்ள நடமாடினதை காட்டிக் குடுத்துச்சு. 2022ல அவன்தான் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. நல்லதுக்குதான் ஆச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு ஆள் எந்த நிமிஷம் எத்தனை அடி நடந்தாங்கன்னு மாசக்கணக்குல ஒரு இடத்துல சேந்து கிடக்குதுன்னா அதை கோர்ட் மட்டும்தான் கேக்குமா? இன்சூரன்ஸ் கேக்காதா? அமெரிக்கால ஜான் ஹான்காக்னு ஒரு ஆயுள் காப்பீட்டு கம்பெனி, எல்லா பாலிசிலயும் பேண்ட் மூலமா உடம்பை கணக்கு பாக்கற திட்டத்தை சேத்துடறோம்னு 2018லயே அறிவிச்சிட்டாங்க, நல்லா நடந்தா தள்ளுபடி. நடக்க முடியாதவங்க?

---

ஒரகடம்_தேவி

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மூணு தடவை படிச்சேன், என் வீட்டுக்காரருக்கும் சத்தமா படிச்சு காட்டினேன்.

சர்வீஸ் அண்ணா, நீங்க சொன்ன டெஸ்ட்டை திங்கக்கிழமை பண்ணினேன். பேண்டை கழட்டி கர்ச்சீப்ல சுத்தி கேட்ல காட்டினேன், டிங்னு திறந்துச்சு. அப்பறம் என் ஃப்ரெண்டும் நானும் மதிய சாப்பாட்டு நேரத்துல பேண்டை மாத்தி கட்டிட்டு டேப்லெட் பக்கத்துல போய் நின்னோம். என் பேருக்கு பச்சை, அவ பேருக்கு சிவப்பு. அவ பாவம் ஒரு வியாதியும் இல்லாதவ. பாத்துட்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

செல்வம் தோழர் சொன்ன மாதிரி தனியா போகல, ஏழு பேரா எச்ஆர்கிட்ட போனோம், அருண் சாரோட நாலு கேள்வியை தமிழ்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டு குடுத்தோம், நகல்ல சீல் வாங்கிட்டேன். என் தைராய்டு பத்தி வாயே திறக்கல, திறக்க வேண்டிய அவசியமும் வரல. கேட் திறக்க பல்ஸ் எதுக்கு மேடம்னு மட்டும் கேட்டேன். அவங்களும் பொம்பளைதான், கல்பனா சிஸ் சொன்ன தோல் சூடு கணக்கை சொன்னதும் ஒரு நிமிஷம் என் முகத்தையே பாத்தாங்க, அவங்க கைலயும் அதே பேண்ட் இருந்துச்சு.

இப்போதைக்கு டேப்லெட்லருந்து புள்ளிகளை எடுத்துட்டாங்க. வேணும்னா பழைய ஐடி கார்டையே கேட்ல தட்டிக்கலாம்னு சொல்லிட்டாங்க, எங்க ஷிஃப்ட்ல பாதி பேர் கார்டுக்கு திரும்பிட்டோம். ஆனா இந்த ஒரு மாசம் சேத்து வெச்சதை அழிச்சாச்சான்னு கேட்டா பேண்ட் குடுத்த வெண்டர்கிட்ட கேக்கணும்கறாங்க. அது எந்த ஊர் சர்வர்ல இருக்குன்னே அவங்களுக்கு தெரியல.

மீனா அக்கா, உங்கப்பா கதையை படிச்சுட்டு நேத்து சாயங்காலம் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். சும்மா இருக்கறப்பவும் 100க்கு மேல போறதுன்னா டோஸ் பாக்கணும்னு டிஎஸ்எச்ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட்டை மறுபடி எடுக்க சொல்லியிருக்கார், ஒரு ஈசிஜியும் எடுத்தார், அது சரியா இருக்கு.

அருண் சார், தமிழ் ஃபார்ம் வெள்ளிக்கிழமை தரேன்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் கம்பெனி பேரை மறைச்சுட்டு இங்க போடறேன், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்து சொல்லுங்க. சர்வர்ல இருக்கறதை அழிச்சதுக்கு எழுத்துல என்ன மாதிரி அத்தாட்சி கேக்கணும்னும் சொன்னீங்கன்னா மத்த ஆறு பேருக்கும் காட்டுவேன்.